மண்ணை இழந்தவர்களும் மணவாழ்வும்

நம் வீடுகளில் ஒரு பெண்ணுக்கு வரன் வந்தால் முதலில் எதைப் பேசுகிறோம்? பையன் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, என்ன தொழில் என்று தொடங்குகிறோம். அடுத்தபடியாக எத்தனை பவுன், என்ன ரொக்கம், என்னென்ன சாமான் என்பதற்கு வந்துவிடுகிறோம். எல்லாம் பேசி முடித்துத் தேதியும் குறித்த பிறகே, "உனக்குச் சம்மதம்தானே அம்மா?" என்று பெண்ணைக் கேட்கிறோம். சில வீடுகளில் அந்தக் கேள்விகூட நிக்காஹ் நாளன்று சாட்சிகள் வந்து கேட்கும்போதுதான் முதன்முதலாக அவள் காதில் விழுகிறது.

மார்க்கம் திருமணத்துக்கு வகுத்திருப்பவை மிகச் சில. மணமகன், மணமகள், வலீ, இரு சாட்சிகள், ஈஜாப் கபூல், இவற்றோடு மணமகளுக்கு உரிய மஹர். இவ்வளவே. மற்றவை அனைத்தும் ஊரும் காலமும் கொண்டுவந்து சேர்த்தவை. எது மார்க்கம், எது வழக்கம் என்று மேடையில் பிரித்துச் சொல்வது எளிது. சொந்த வீட்டில் பிரித்துப் பார்ப்பது கடினம். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

ஆனால் ஒரு சமுதாயம் முழுவதுமே வீடு, வாசல், நகை, நிலம், ஊர்ப் பெயர் ஆகிய அனைத்தையும் ஒரே நாளில் இழந்து நின்றால் என்ன ஆகும்? அப்போது திருமணத்தில் எது நிற்கிறது, எது உதிர்கிறது, உதிர்ந்தவற்றில் எது திரும்பி முளைக்கிறது? இதற்கு விடை தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. இராமேசுவரத்துக்கு எதிர்க்கரையிலேயே, நம் மொழி பேசும், நம்மைப் போலவே தொழும் மக்களிடம் இது நிகழ்ந்திருக்கிறது.

இரண்டு மணி நேரத்தில் போன ஊர்

இலங்கையின் வட மாகாணத்தில் பல நூற்றாண்டுகளாக முஸ்லிம்கள் வாழ்ந்து வந்தார்கள். யாழ்ப்பாணத்துச் சோனகர் தெருவில் வணிகர்களும் தையற்காரர்களும் இரும்புக் கடைக்காரர்களும் இருந்தார்கள். மன்னார்ப் பகுதியில் எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊர்களில் மீன்பிடிப்பும் வேளாண்மையும் வாணிபமும் செழித்திருந்தன.

1990ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் விடுதலைப் புலிகள் இயக்கத்தினர் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று கட்டளையிட்டனர். மன்னார் மக்களுக்குச் சில நாள் தவணை தரப்பட்டது. யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு அக்டோபர் 30ஆம் நாள் கிடைத்த தவணை இரண்டே மணி நேரம். சில நூறு ரூபாயும் மாற்றுத் துணியும் தவிர வேறெதையும் எடுத்துச் செல்ல விடவில்லை. பெண்களின் காதிலும் கழுத்திலும் கிடந்தவையும் பறிக்கப்பட்டன. அந்த ஒரு மாதத்தில் ஊரை விட்டு வெளியேறியவர்கள் 70,000க்கும் மேற்பட்டவர்கள்.

அவர்களில் பெரும்பாலோர் தெற்கே புத்தளம் மாவட்டத்தில் தஞ்சம் புகுந்தார்கள். மன்னார் மக்கள் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். புத்தளத்து முஸ்லிம்கள் பள்ளிவாசல்களையும் பள்ளிக்கூடங்களையும் திறந்துவிட்டார்கள். சோறு சமைத்துப் போட்டார்கள். பிறகு தென்னந்தோப்புகளிலும் வெற்றுத் தரைகளிலும் ஓலைக் குடிசைகள் எழுந்தன. சில வாரங்களில் திரும்பிவிடலாம் என்று எண்ணி வந்தவர்கள் அங்கே ஒரு தலைமுறைக்கு மேல் வாழ்ந்துவிட்டார்கள். போர் முடிந்தது 2009 மே மாதத்தில். அதற்குள் முகாமில் பிறந்த பிள்ளைகள் திருமண வயதை எட்டிவிட்டனர்.

முன்பு எப்படி நடந்தது?

இடம்பெயர்வதற்கு முன் அங்கே பெண் கொடுப்பதும் எடுப்பதும் பெரும்பாலும் ஊருக்குள், உறவுக்குள்தான். பெரியவர்கள் பேசி முடித்தார்கள். மகளுக்கு வீடு கொடுப்பது தந்தையின் கடமையாகக் கருதப்பட்டது. மணமகன் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வான். நம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இதே வழக்கம் உண்டு என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

இந்த வழக்கத்தில் ஒரு நன்மையும் இருந்தது. ஒரு சுமையும் இருந்தது. நன்மை என்னவென்றால், பெண் தன் தாயின் நிழலிலேயே வாழ்ந்தாள். வீடு அவள் பெயரில் இருந்தது. சுமை என்னவென்றால், மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்றவர் மூன்று வீடு கட்ட வேண்டியிருந்தது. போதாக்குறைக்குக் கைக்கூலி என்ற பெயரில் மணமகனுக்கு ரொக்கமும் தரவேண்டும். அப்படிப் பல்லாண்டு உழைத்து மகளுக்கென்று கட்டிய வீட்டைத்தான் அந்தத் தந்தையர் 1990இல் பூட்டிவிட்டு வந்தார்கள்.

முகாமில் மாறியவை

முதலாவது மாற்றம் எளிமை. நகையும் இல்லை, வீடும் இல்லை. உண்பதே அரசு தரும் நிவாரண அரிசி. அந்நிலையில் ஒரு நிக்காஹ் எப்படி நடக்கும்? மார்க்கம் கேட்ட அளவோடுதான் நடக்கும். ஊரில் இருந்தபோது எத்தனை உபதேசம் செய்தும் குறையாத ஆடம்பரம் தானாகவே நின்றது. இது இயலாமையால் வந்த எளிமை என்பதை மறக்கக் கூடாது. ஏன் மறக்கக் கூடாது என்பது பின்னால் விளங்கும்.

இரண்டாவது மாற்றம் அச்சம். ஊரில் நாற்புறமும் சுவரும் வேலியும் முற்றமும் இருந்தன. முகாமில் ஓலைத் தட்டிதான் மறைவு. கிணற்றடி பொது, குளியலறை பொது. வயது வந்த பெண்ணை வைத்துக்கொண்டு தாய்மார் இரவெல்லாம் விழித்திருந்தார்கள். படிப்பு அறுந்து போயிருந்தது. "ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால் நம் பாரம் இறங்கும்" என்ற எண்ணம் வலுத்தது. இப்படிச் சில பெண் பிள்ளைகள் பள்ளிப் பருவத்திலேயே மனைவிகளானார்கள்.

மூன்றாவது மாற்றம் அறிமுகம். யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் மன்னார்ப் பிள்ளையும் முல்லைத்தீவுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்ந்தனர். பெண்களும் வெங்காயத் தோட்டங்களிலும் பிற இடங்களிலும் கூலி வேலைக்குப் போனார்கள். முன்பு உறவினர் வட்டத்துக்குள் மட்டுமே ஒருவரையொருவர் அறிந்திருந்த இளைஞர்கள் இப்போது வெளியாரையும் அறிந்தார்கள். தாமே ஒருவரை விரும்பி, "இவரைத்தான் மணப்பேன்" என்று வீட்டில் சொல்லும் துணிவு வந்தது. பெற்றோருக்கு இது பேரிடியாக இருந்தது. "ஊரில் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா?" என்று பலரும் ஏங்கினார்கள். பிள்ளைகளோ அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததே இல்லை!

நான்காவது மாற்றம் கலப்பு. அகதிகளாய் வந்த குடும்பங்களுக்கும் உள்ளூர்ப் புத்தளக் குடும்பங்களுக்கும் இடையே சம்பந்தம் ஏற்பட்டது. தொடக்கத்தில் இது எளிதாக இல்லை. முதல் நாள் சோறு போட்டவர்களுக்கே, வேலையிலும் பள்ளிக்கூட இடத்திலும் தண்ணீரிலும் பங்கு போடும்போது மனம் சுருங்கியது. "அகதி" என்ற சொல் வசையாகவும் ஆயிற்று. அந்தச் சொல்லைத் தாண்டி ஒருவர் மகளை இன்னொருவர் மருமகளாக ஏற்றுக்கொண்டபோதுதான் இரு சாராரும் உண்மையில் அண்டை வீட்டாரானார்கள்.

ஐந்தாவது மாற்றம் வேதனையானது. கையில் சிறிது காசு புரளத் தொடங்கியதும் பழைய கைக்கூலி மறுபடி தலைதூக்கியது. மகளுக்கு ஒரு துண்டு நிலமாவது வாங்கினால்தான் வரன் வரும் என்ற நிலை. வளைகுடா நாடுகளில் உழைத்த பணமும் தோட்டக் கூலியும் சேர்ந்து புத்தளத்தில் மனைக்கட்டுகளாயின. 2009க்குப் பிறகு "ஊருக்குத் திரும்பலாமே" என்ற கேள்வி எழுந்தபோது பல குடும்பங்கள் தயங்கின. அதற்குக் காரணம் பல. அவற்றில் ஒன்று இதுதான்: மகளின் வீடு புத்தளத்தில் இருக்கிறது, பேரப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். தந்தையின் ஊர் வடக்கே. மகளின் சீதனம் தெற்கே! ஒரு திருமண வழக்கம் ஒரு சமுதாயத்தின் வசிப்பிடத்தையே முடிவு செய்யும் வலிமை உடையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இயலாமையால் வந்த எளிமை இயன்றதும் போய்விட்டது. மனம் மாறி வந்த எளிமையாக இருந்தால் அது நிலைத்திருக்கும். இதுவே இப்பாடத்தின் முதற்படி.

பாலஸ்தீன மக்களிடமும் இதே படிப்பினை

1948இல் பாலஸ்தீனத்திலிருந்து விரட்டப்பட்டவர்கள் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். லெபனான், ஜோர்டான், சிரியா, காஸா, மேற்குக் கரை ஆகிய இடங்களில் அவர்கள் முகாம்களில் குடியேறினார்கள். ஒரே கிராமத்தார் ஒரே மூலையில் சேர்ந்து கூடாரம் அடித்தார்கள். பெண் கொடுப்பதும் பெரும்பாலும் அந்த மூலைக்குள்ளேயே நடந்தது. கிராமம் கையை விட்டுப் போயிற்று; திருமணத்தின் மூலமாவது அதைக் காப்பாற்றிக் கொள்வோம் என்ற எண்ணம்.

1950 முதல் ஐக்கிய நாடுகள் சபையின் நிவாரண அமைப்பு அங்கே பள்ளிக்கூடங்கள் நடத்தியது. பெண் பிள்ளைகளும் படித்தார்கள். ஆசிரியைகளாகவும் தாதிகளாகவும் சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்கினார்கள். படித்த பெண்ணின் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு வந்தது. "எனக்கு இந்த இடம் வேண்டாம்" என்று அவள் சொன்னால் தந்தை செவி சாய்த்தார்.

1987 டிசம்பரில் மக்கள் எழுச்சி தொடங்கியபோது, வீட்டுக்கு வீடு சிறையும் மரணமும் இருக்கையில் மேளமும் விருந்தும் எதற்கு என்று திருமணங்கள் அடக்கமாக நடந்தன. மஹர் தொகையும் குறைக்கப்பட்டது. ஆனால் அதே காலத்தில் பள்ளிகள் மாதக்கணக்கில் மூடப்பட்டதால் பெண் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே மணமுடித்துக் கொடுப்பதும் கூடியது. எளிமை, அச்சம் ஆகிய இரண்டும் ஒன்றாகவே வந்தன. 2023 அக்டோபருக்குப் பிறகு காஸாவில் கூடாரத்தின் நடுவிலும் நிக்காஹ்கள் நடந்ததை உலகமே பார்த்தது.

சிரியாவிலிருந்து ஜோர்டானுக்கு வந்த அகதிகளின் கணக்கு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. அங்கே பதிவான சிரியர் திருமணங்களில் மணமகள் 18 வயதுக்குக் குறைந்தவளாக இருந்தவை 2011இல் நூற்றுக்கு 12. 2013இல் அது நூற்றுக்கு 25 ஆயிற்று என்று யூனிசெஃப் தெரிவித்தது. இரண்டே ஆண்டில் இரு மடங்கு! இந்தப் பெற்றோருக்குத் தம் மகள் மீது அன்பு இல்லையா? இருந்தது. வறுமையும் பயமும் அந்த அன்பின் கையைப் பிடித்து இழுத்துச் சென்றன.

முஹாஜிர்களின் திருமணங்கள்

அகதிகளின் திருமணம் என்பது நம் மார்க்க வரலாற்றுக்குப் புதிதன்று. முஸ்லிம் சமுதாயமே இடம்பெயர்ந்த சமுதாயமாகத்தான் மதீனாவில் வேரூன்றியது.

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மக்காவில் செல்வந்தர். மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்தார்கள். அவர்களுடன் சகோதரராகப் பிணைக்கப்பட்ட ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ அவருக்காக துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி கேட்டார்கள். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் விற்றுச் சம்பாதித்தார்கள். சில நாட்களில் ஓர் அன்ஸாரிப் பெண்ணை மணமுடித்தார்கள். பேரீச்சங்கொட்டை எடைத் தங்கம் மஹராகக் கொடுத்தார்கள். செய்தி அறிந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஓர் ஆட்டையாவது அறுத்து வலிமா கொடுக்கும்படி சொன்னார்கள்.

இந்த நிகழ்ச்சியில் எத்தனை பாடங்கள்! அகதி என்று பெண் வீட்டார் தயங்கவில்லை. இலவசமாக வந்ததை வாங்கி மாப்பிள்ளை முன்னேற நினைக்கவில்லை. பெண் வீட்டார் பணம் கொடுத்ததாகச் செய்தி இல்லை. கொடுத்தவர் வீடிழந்து வந்த மணமகன்! நம் காலத்தில் வீடுள்ள மணமகன் வாங்குகிறான். வீடிழந்த பெண்ணின் தந்தை கொடுக்கிறார்.

இன்னொரு நிகழ்ச்சி உம்மு குல்ஸூம் பின்த் உக்பா (ரலி) அவர்களுடையது. ஹுதைபிய்யா உடன்படிக்கைக்குப் பிறகு, திருமணமாகாத அப்பெண்மணி தம் குடும்பத்தாரை விட்டு மதீனாவுக்கு வந்து சேர்ந்தார்கள். சகோதரர்கள் பின்தொடர்ந்து வந்து திருப்பி அனுப்பக் கேட்டனர். அவர்கள் திருப்பி அனுப்பப்படவில்லை. இத்தகைய பெண்களைப் பற்றியே திருக்குர்ஆனின் 60ஆம் அத்தியாயம் 10ஆம் வசனம் பேசுகிறது. அப்படி வந்த பெண்களை முஸ்லிம்கள் மணந்துகொள்ளலாம். ஆனால் மஹரைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அதன் கருத்துகளில் ஒன்று. பின்னால் நிற்கத் தந்தை இல்லை, பேசச் சகோதரன் இல்லை என்பதற்காக அகதிப் பெண்ணின் மதிப்பைக் குறைக்க ஒருவருக்கும் உரிமையில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

விருப்பமும் வலீயும்

இனி, பெற்றோரைப் பெரிதும் கலங்க வைக்கும் கேள்விக்கு வருவோம். பிள்ளைகள் தாமாக விரும்பினால் என்ன செய்வது?

ரகசியச் சந்திப்பையும் தனிமையையும் மார்க்கம் அனுமதிக்கவில்லை. இதில் மறுபேச்சு இல்லை. ஆனால் உள்ளத்தில் எழும் விருப்பத்தை அது குற்றமாக்கவில்லை. பரீரா (ரலி) அவர்கள் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றபோது, தம் கணவர் முகீஸ் (ரலி) அவர்களோடு வாழ்வதா, பிரிவதா என்று முடிவு செய்யும் உரிமை கிடைத்தது. அவர்கள் பிரிய விரும்பினார்கள். முகீஸ் அவர்களோ மனைவியின் மேல் கொண்ட பாசத்தால் கண்ணீர் தாடியில் வழிய மதீனாத் தெருக்களில் பின்னாலேயே அலைந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அந்த மனிதரை ஏளனம் செய்யவில்லை. இரங்கி, அவருக்காகப் பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்க, இல்லை, பரிந்துரையே என்றார்கள். அப்படியானால் தமக்கு விருப்பமில்லை என்று அந்தப் பெண்மணி சொல்லிவிட்டார்கள். அதற்குமேல் ஒருவரும் வற்புறுத்தவில்லை.

கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களை அவர்களுடைய தந்தை விருப்பமில்லாத இடத்தில் மணமுடித்துக் கொடுத்தார்; முறையீடு வந்ததும் நபி (ஸல்) அவர்கள் அந்த மணத்தை ரத்துச் செய்தார்கள். இவை யாவும் ஹதீஸ் கிரந்தங்களில் பதிவாகியிருப்பவை. அப்படியிருக்க, பெண்ணின் சம்மதம் என்பதை வெறும் சடங்காக்க நாம் எங்கிருந்து கற்றுக்கொண்டோம்?

வலீ என்பவர் யார்? பெண்ணின் நலனைக் காக்கப் பொறுப்பளிக்கப்பட்டவர். மாப்பிள்ளையின் தீனையும் குணத்தையும் விசாரிப்பவர். மகள் ஒருவரை விரும்புகிறாள் என்று அறிந்தால், அவர் தகுதியுள்ளவரா என்று பார்த்து, தகுதியிருந்தால் நேர்வழியில் முடித்துவைப்பதும், தகுதியில்லையென்றால் காரணத்தைச் சொல்லி விளக்குவதும் அவர் வேலை. "வேறு ஊர்", "அகதி", "நம் தெருவில் வழக்கமில்லை" என்பவை மார்க்கம் ஏற்ற காரணங்கள் அல்ல. பெண்ணை அடித்துப் பணியவைப்பவரும், பயந்துபோய் யாரோ ஒருவரிடம் தள்ளிவிடுபவரும் வலீயின் இடத்தில் அச்சத்தை உட்கார வைத்தவர்கள். அச்சம் வலீயாக முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் முஸ்லிம்களுக்கென 1951ஆம் ஆண்டின் 13ஆம் எண் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் இயற்றப்பட்டது. காதி நீதிமன்றங்கள் அதன்படி வழக்குகளைத் தீர்த்தன. அந்தச் சட்டத்தில் கைக்கூலி என்ற நம் தமிழ்ச் சொல்லே இடம்பெற்றிருக்கிறது! மணமகளின் உபயோகத்துக்காக மணமகனிடம் தரப்பட்ட தொகை என்று அதற்குப் பொருள் கூறி, மனைவி அதைத் திரும்பக் கேட்டுக் காதியிடம் முறையிட வழி வைத்தார்கள். ஆக, சட்டத்தின் பார்வையிலும் அது மாப்பிள்ளையின் பணம் அன்று.

அதே சட்டத்தின்படியான திருமணப் பதிவில் மணமகளின் கையொப்பம் கேட்கப்படவில்லை. வலீயின் கையொப்பமே போதும் என்று வைத்தார்கள். 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைந்த குழு 2018இல் தன் அறிக்கையை அளித்தது. மணமகளின் கையொப்பம், குறைந்தபட்ச வயது ஆகியவை குறித்து அங்கே நீண்ட விவாதம் நடந்து வந்திருக்கிறது. முகாமில் சிறு வயதில் மணமாகிப் பிறகு கைவிடப்பட்ட பெண்ணுக்கு அந்த ஒரு கையொப்பம் எவ்வளவு பெரிய காவல் என்பதைச் சிந்திக்க வேண்டும்.

இந்தியாவில் 1961ஆம் ஆண்டு வரதட்சிணைத் தடைச் சட்டம் வரதட்சிணை கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது. மஹர் அதில் சேராது என்றும் அச்சட்டமே கூறுகிறது. மார்க்கமும் சட்டமும் ஒரே குரலில் பேசும் இடம் இது.

நம் பக்கத்தில் நாம்

குன்றக்குடி, காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து மக்களுக்குப் புலம்பெயர்வு புதிய செய்தி அன்று. 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தபோது, லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு மலை கடந்து திரும்பினார்கள். 1964இல் அங்கே கடைகள் தேசியமயமானபோது எஞ்சியவர்களில் பலர் கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறினார்கள். செட்டியார்களும் முஸ்லிம்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தனர். பர்மாவிலிருந்து வந்த குடும்பத்துக்கு வரன் பேசும்போது நம் ஊர்கள் எப்படி நடந்துகொண்டன என்பதை முதியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

செட்டிநாட்டில் திருமணத்துக்கு வெள்ளியும் பித்தளையும் எவர்சில்வருமாகச் சாமான்களைப் பரப்பி வைக்கும் வழக்கம் பேர்பெற்றது. அந்தக் காற்று நம் வீடுகளுக்குள் வீசவில்லை என்று யாராலும் சொல்ல முடியுமா? பரப்பி வைத்ததை எல்லாம் இரண்டு மணி நேரத்தில் விட்டுப்போக நேர்ந்தால் மகளிடம் எஞ்சுவது எது? அவளுடைய கல்வி, அவளுடைய தீன், அவள் மனமொப்பி ஏற்ற கணவன். இம்மூன்றையும் எந்தப் படையும் பறிக்க முடியாது.

தமிழகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் அமைந்தன. நம் சிவகங்கை மாவட்டத்திலும் அமைந்தன. 2021இல் தமிழக அரசு அவற்றுக்கு "மறுவாழ்வு முகாம்" என்று பெயர் சூட்டியது. அங்குள்ள பெண்ணை இந்தியக் குடிமகன் ஒருவர் மணந்தால் குழந்தையின் குடியுரிமை கேள்விக்குள்ளாவதும் உண்டு. 2004 டிசம்பர் 3 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதாது. மற்றவர் சட்டவிரோதமாக நுழைந்தவராகக் கருதப்படக் கூடாது. எனவே அத்தகைய சம்பந்தம் பேசுவோர் ஆவணங்களை விசாரித்து, திருமணத்தை முறையாகப் பதிவு செய்து, விவரமறிந்த வழக்கறிஞரின் யோசனையையும் கேட்டுக்கொள்வது அவசியம். ஆவணச் சிக்கல் இருக்கிறது என்பதற்காக நல்ல குடும்பத்தை ஒதுக்குவது ஒன்று. சிக்கலை அறிந்து துணைநிற்பது வேறொன்று. அன்ஸார்கள் இரண்டாவதைச் செய்தார்கள்.

வீட்டில் கூடிப் பேச வேண்டியவை

இப்பாடத்தைப் படித்து முடித்ததும் குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து கீழ்க்கண்டவற்றை யோசிப்பது நலம்.

1. நம் வீட்டில் கடைசியாக நடந்த திருமணத்தில், பெண்ணின் சம்மதம் தேதி குறிப்பதற்கு முன் கேட்கப்பட்டதா, பின்பு கேட்கப்பட்டதா?

2. மஹர் எவ்வளவு, பெண் வீட்டார் கொடுத்தது எவ்வளவு? இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் மனம் என்ன சொல்கிறது?

3. மகளின் படிப்பை நிறுத்திவிட்டு மணம் பேச நினைத்தால், அதற்குக் காரணம் நல்ல வரனா, நம் பயமா?

4. மகனோ மகளோ தன் விருப்பத்தைத் தாயிடம் அச்சமின்றிச் சொல்லும் நிலை நம் வீட்டில் இருக்கிறதா? வீட்டில் சொல்ல முடியாத சொல்தான் வெளியே ரகசியமாகிறது.

5. நம் ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தரில் மணமகளின் கையொப்பம் அவள் படித்துப் பார்த்துப் போட்டதா?

6. ஊரிழந்து வந்த ஒரு குடும்பம் நம்மிடம் சம்பந்தம் பேச வந்தால், முதலில் நம் வாயில் வரும் கேள்வி எது?

புத்தளத்துத் தந்தையர் இழந்ததைப் போல் இழக்கும் சோதனை யாருக்கும் வர வேண்டாம். அவர்கள் இழந்து கற்ற பாடத்தை நாம் இழக்காமலே கற்றுக்கொள்ளலாம். கணவனும் மனைவியும் ஒருவர் மற்றவரிடம் அமைதி காண்பதற்காகவே இறைவன் இணைகளைப் படைத்து, அவர்களுக்கிடையே அன்பையும் இரக்கத்தையும் வைத்தான் என்பது திருமறையின் 30ஆம் அத்தியாயம் 21ஆம் வசனத்தின் கருத்து. அந்த அமைதிக்குப் பவுன் கணக்கு இல்லை. ஊர்ப் பெயரும் இல்லை.

வீடிழந்து தவிக்கும் மக்கள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் வீட்டையும் நிம்மதியையும் தந்தருள்வானாக! நம் பெண் மக்களின் மணவாழ்வை மஹரின் கண்ணியத்தோடும் மனச் சம்மதத்தோடும் அமைத்துத் தருவானாக! ஆமீன்.